சாட் ரூம்ல ட்ரிவியா (பொது அறிவுக் கேள்வி-பதில் ஆட்டம்) விளையாடும்போது எப்படி நடந்துக்கணும்? வேகமா பதில் சொல்ல டிப்ஸ் ஏதாவது இருக்கா?

நீங்க சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாமேன்னு கேட்ட மாதிரி எனக்குத் தோணலை. ஏதோ ஒரு ரூம்ல புதுசா நுழைஞ்சு, ரெண்டு மூணு கேள்விக்கு டக்கு டக்குன்னு பதில் போட்டிருப்பீங்க, உடனே யாரோ "கூகுள் பண்ணாதீங்க ப்ரோ"ன்னு சொல்லியிருப்பாங்க, இல்லன்னா ஆப் (ரூமை நடத்தற ஆபரேட்டர்) யாராவது காரணமே சொல்லாம கிக் பண்ணி வெளிய தள்ளியிருப்பார், அந்தக் கடுப்புல வந்து கேக்கறீங்க. அப்படி இல்லைன்னா மன்னிச்சுக்கோங்க. அப்படித்தான்னு வெச்சுக்கிட்டு நான் பதில் சொல்றேன், ஏன்னா எனக்கு நடந்தது அது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் பெரிய க்விஸ் சாம்பியன்லாம் கிடையாது. கப்பு, மெடல் எதுவும் வாங்கினதில்ல. ஐஆர்சிங்கற பழைய சாட் காலத்துலேர்ந்து இப்ப டிஸ்கார்ட், டெலிகிராம் வரைக்கும், ராத்திரி தூக்கம் வராதப்பல்லாம் ட்ரிவியா ரூம்ல போய் உக்காந்துக்கற ஆள், அவ்வளவுதான். அதனால "இவங்க யாரு நமக்கு க்ளாஸ் எடுக்க"ன்னு ஆரம்பிக்கறவங்க தாராளமா அடுத்த பதிலுக்குப் போயிடலாம்.

இந்த ஆட்டமே தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ரூம்ல பாட்னு தானா ஓடற ஒரு ப்ரோகிராம் இருக்கும், அது கேள்வி போடும், கீழ பதில்ல எத்தனை எழுத்தோ அத்தனை நட்சத்திரம் போடும். கொஞ்ச நேரம் யாரும் சொல்லலைன்னா ஒண்ணு ரெண்டு எழுத்தைத் திறந்து காட்டும், அப்பவும் வரலைன்னா பதிலைத் தானே சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடும். முதல்ல சரியா அடிச்சவருக்குப் பாயிண்ட். ஐஆர்சியை 1988ல ஃபின்லாந்துல, ஊலு பல்கலைக்கழகத்துல இருந்த யார்க்கோ ஓய்க்கரினென் எழுதினார். 1993ல எக்ட்ராப்னு ஒரு பாட் வந்துச்சு, அப்புறம் அதுல ட்ரிவியா ஸ்கிரிப்டை ஏத்தி ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப டிஸ்கார்ட்ல நீங்க பாக்கறதும் அதே ஆட்டம்தான், பட்டனும் படமும் சேர்ந்து கலர் கலரா இருக்கு, வேற வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

மரியாதைன்னு கேட்டீங்களே, அதுல முக்கியமானது, கேள்வி ஓடிக்கிட்டு இருக்கும்போது அரட்டை அடிக்காதீங்க. நீங்க "ஹாய் எல்லாருக்கும்"னு போட, நாலு பேர் "ஹாய்"னு திருப்பிப் போட, அதுல ஒருத்தர் "சாப்பிட்டாச்சா"ன்னு கேக்க, கேள்வி மேல ஏறி ஸ்க்ரீனை விட்டே போயிடும். மொபைல்ல இருக்கறவங்களுக்கு ஆறேழு வரிதான் தெரியும், அவங்க மேல ஸ்க்ரோல் பண்ணி கேள்வியைத் தேடிப் படிச்சுட்டு வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சிருக்கும். ரெண்டு கேள்விக்கு நடுவுல சின்னதா ஒரு இடைவெளி வரும் பாருங்க, வணக்கம், வாழ்த்து, கிண்டல் எல்லாம் அங்க வெச்சுக்கோங்க. அடுத்தது, போன உடனே ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்கிப்னு கமாண்ட் போட்டுப் பாக்காதீங்க. எதுக்கு என்ன நடக்குதுன்னு பாக்கற ஆசை எல்லாருக்கும் இருக்கும், ஆனா அங்க ஒருத்தர் தொடர்ந்து எட்டு ஒன்பது கேள்வி அடிச்சு ஸ்ட்ரீக்ல இருப்பார், நீங்க ஸ்டாப் போட்டா அவர் ஸ்ட்ரீக் போச்சு. பின் பண்ணி வெச்சிருக்கற ரூல்ஸை ஒரு நிமிஷம் படிச்சா இதெல்லாம் அதுலயே இருக்கும்.

அப்புறம் இந்த வருஷக் கேள்வி. பதில்ல நாலு நட்சத்திரம் பாத்ததும் 1912, 1913, 1914, 1915ன்னு வரிசையா அடிச்சுத் தள்றவங்க எல்லா ரூம்லயும் இருக்காங்க. இது தப்பான்னு கேட்டா ரூலுக்கு ரூல் மாறும், நான் ரெண்டு தடவைக்கு மேல அடிக்க மாட்டேன். ஐஆர்சியில இப்படிக் கொட்டினா சர்வரே "எக்ஸஸ் ஃப்ளட்"னு சொல்லி உங்களை வெளிய தள்ளிடும், டிஸ்கார்ட்ல ஸ்லோமோட் (அடுத்த மெசேஜுக்குக் கொஞ்சம் காத்திருக்க வைக்கறது) போட்டு வெச்சிருப்பாங்க. எதுவுமே இல்லாத ரூம்லயும் ஒருத்தர் நிஜமாவே யோசிச்சுக்கிட்டு இருக்கும்போது நீங்க நம்பரைக் கொட்டிப் பாயிண்ட் வாங்கினா அடுத்த தடவை உங்களைப் பாத்து யாரும் "வாங்க"ன்னு சொல்ல மாட்டாங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன். ஒரு ரூம், பேர் வேண்டாம். நான் அங்க ரொம்ப நாளா இருந்தேன், என் நிக் (ரூம்ல வெச்சுக்கற பேர்) ஆணா பெண்ணான்னு தெரியாத மாதிரி பொதுவா இருக்கும், அதனால எல்லாரும் என்னை ப்ரோன்னுதான் கூப்பிடுவாங்க, நானும் திருத்தலை, எதுக்கு வீண் வேலை. ஒரு நாள் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. ஆண்டிமனியோட குறியீடு என்னன்னு வந்துச்சு, எஸ்பின்னு அடிச்சேன். ட்ரிஸ்கைடெகாஃபோபியான்னா எந்த எண்ணைக் கண்டு பயம்னு கேட்டுச்சு, கேள்வி முழுசா வந்து நிக்கறதுக்குள்ள 13ன்னு போட்டேன். அடுத்தது பர்கினா ஃபாசோவோட தலைநகர். அதுக்கு நான் "ஒகடுகு"ன்னு போட்டேன், பாட் ஏத்துக்கலை, "உவாகடூகு"ன்னு போட்டேன், இல்லங்குது, "வாகடூகு"ன்னு போட்டதும்தான் பச்சை டிக் வந்துச்சு. உடனே ஒரு நிக் எந்திரிச்சு வந்து "இவர் எல்லாத்தையும் தேடித்தான் போடறார், மனுஷனுக்கு இவ்வளவு வேகம் வராது"ன்னு போட்டுட்டார். இன்னும் ரெண்டு பேர் "ஆமா ஆமா". ஆப் வந்து ஒரு வார்த்தை கேக்கலை, பேன், அதாவது ரூமுக்குள்ளயே வரக்கூடாதுன்னு தடை.

இதுல எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாதது என்னன்னா, அவங்க சொன்ன காரணமே தலைகீழ். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு கேள்வியைப் படிச்சு, காப்பி பண்ணி, இன்னொரு டேப்ல ஒட்டி, வர்ற ரிசல்ட்டைப் படிச்சு, திரும்ப இங்க வந்து டைப் பண்ண எவ்வளவு வேகமான ஆளா இருந்தாலும் ஏழெட்டு செகண்டாவது ஆகும். ரெண்டு செகண்ட்ல பதில் வருதுன்னா அந்த ஆள் தேடலைன்னுதான் அர்த்தம். தேடிப் போடறவங்களுக்கு வேற அடையாளம் இருக்கு. கஷ்டமான கேள்வியோ சுலபமான கேள்வியோ ரெண்டுக்கும் ஒரே மாதிரி பத்து, பன்னெண்டு செகண்ட் எடுத்துப்பாங்க. சுலபமானதை வேற யாராவது அடிச்சுட்டுப் போயிடுவாங்க, அதனால அவங்க ஸ்கோர்ல முழுக்க யாருக்குமே தெரியாத கேள்வி மட்டும்தான் இருக்கும். தப்பா ஒரு தடவை கூட முயற்சி பண்ணியிருக்க மாட்டாங்க. ஸ்பெல்லிங் பிசகாது, தேடல்ல வந்த பேர் எப்படி இருந்துச்சோ அப்படியே, புள்ளி கமா உள்பட வந்து விழும்.

சரி, தேடலை, ஸ்கிரிப்ட் போட்டு ஓட்டறான்னு சொல்லலாம், அப்படியும் ஆளுங்க இருக்காங்க. பாட் கேக்கற கேள்வியையும் கடைசியில அதுவே சொல்ற பதிலையும் சேர்த்து சேர்த்து ஒரு ஃபைல் பண்ணி, அடுத்த தடவை அதே கேள்வி வந்தா தானா பதில் போடற மாதிரி எழுதி வெச்சுடுவாங்க. ஆனா ஸ்கிரிப்ட் "ஒகடுகு"ன்னு போடுமாங்க? மூணு விதமா தப்பும் தவறுமா முட்டி மோதி ஒரு ஸ்கிரிப்ட் பதில் சொல்லி நான் பாத்ததே இல்ல. லாக் (யார் எப்ப என்ன போட்டாங்கங்கற பதிவு) எடுத்துப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். பாக்கலை. அப்புறம் ரூம்ல வேற ஒருத்தர் அக்காவுக்காகப் பேசினார்னு (அவருக்கு மட்டும் தெரியும் நான் ப்ரோ இல்லன்னு) பேனை எடுத்தாங்க, ஆனா அந்த சீசன் ஸ்கோரைத் துடைச்சது துடைச்சதுதான், திருப்பிப் போடலை. "ஒரு சாட் ரூம் ஸ்கோருக்கு இவ்வளவு அழுகையா"ன்னு கமெண்ட்ல எழுதப் போறீங்கன்னு தெரியும், எழுதிக்கோங்க. உங்க பேரை நாலு பேர் முன்னாடி திருடன்னு சொல்லும்போது அது சாட் ரூமா இருந்தா என்ன, வேற எங்க இருந்தா என்ன.

அதனால யாரையாவது சந்தேகப்பட்டா ரூம்ல பொதுவுல சொல்லாதீங்க, ஆப்புக்கு பி.எம்ல (தனி மெசேஜ்ல) சொல்லுங்க, எந்தக் கேள்வி எத்தனை செகண்ட்னு சேர்த்துச் சொல்லுங்க. உங்க மேல பழி வந்தா சண்டை போடாம "லாக் பாருங்க"ன்னு ஒரே வரி போட்டுட்டு அமைதியா விளையாடுங்க. சில ரூம்ல உங்களை வேற ஆட்டத்துல, டைமர் கம்மியா வெச்சு ஆடிக் காட்டச் சொல்வாங்க, போய் ஆடிக் காட்டுங்க, தப்பே இல்ல.

அப்ப எப்படி ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சுதுன்னு கேப்பீங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. பாட் கேள்வி எடுக்கற ஃபைல் எல்லாம் கைமாறி கைமாறி ஊர் சுத்தறதுங்க. ஒரு ரூம்ல வந்த கேள்வி அதே வார்த்தையோட இன்னொரு ரூம்ல வரும். தலைநகரம், தனிமக் குறியீடு, ஃபோபியா பேருங்க, ரோமன் எண், அமெரிக்க மாநிலங்களோட பட்டப்பேரு, கூட்டமா இருக்கற விலங்குகளுக்கு இங்கிலீஷ்ல என்ன பேருங்கறது, இந்த வகையறா திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும், இதை மட்டும் ஒழுங்காப் படிச்சாலே பாதி ஆட்டம் கைக்கு வந்துடும். "இது அறிவு இல்ல, மனப்பாடம்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். ட்ரிவியால மனப்பாடம் இல்லாம வேற என்னங்க இருக்கு, டங்ஸ்டனுக்குக் குறியீடு டபிள்யூன்னு யோசிச்சா கண்டுபிடிக்க முடியும்?

ஃபைல் கைமாறும்போது தப்பும் சேர்ந்தே கைமாறும், இது ரொம்ப முக்கியம். கொலம்போன்னு ஒரு டிவி துப்பறியும் போலீஸ்காரர் இருந்தார் இல்லையா, அவரோட முதல் பேர் ஃபிலிப்னு ஃப்ரெட் வொர்த்ங்கறவர் தன்னோட ட்ரிவியா புத்தகத்துல வேணும்னே பொய்யா ஒண்ணு எழுதி வெச்சார், யாராவது காப்பி அடிச்சா மாட்டட்டும்னு. ட்ரிவியல் பர்ஸ்யூட் கேம்ல அது அப்படியே கேள்வியா வந்துச்சு. 1984ல அவர் 30 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டார். தகவலுக்குக் காப்பிரைட் கிடையாதுன்னு கோர்ட்ல தோத்துட்டார், அது வேற விஷயம். பெரிய கம்பெனி அச்சடிச்ச அட்டையிலயே அந்தக் கதின்னா, யாரோ ராத்திரி உக்காந்து தொகுத்த டெக்ஸ்ட் ஃபைல் எப்படி இருக்கும்?

பழசாப் போன பதில் இதை விட மோசம். எந்தக் கோளுக்கு அதிக நிலான்னு ஒரு கேள்வி எல்லா ஃபைல்லயும் இருக்கும். 2019ல சனி 82ன்னு வியாழனைத் தாண்டுச்சு, 2023 ஆரம்பத்துல வியாழன் 92ன்னு முந்திக்கிச்சு, அதே வருஷம் மே மாசத்துல சனி 145க்குப் போச்சு, 2025 மார்ச்ல 274 ஆயிடுச்சு. அப்ப அந்த பாட் கணக்குல எது சரி? அந்த ஃபைலை எழுதின வருஷம் எதுவோ அது! கஜகஸ்தான் தலைநகரும் அப்படித்தான், அஸ்தானான்னு இருந்துச்சு, 2019ல நூர்சுல்தான்னு மாத்தினாங்க, 2022ல திரும்ப அஸ்தானா. சுவாசிலாந்து 2018லயே எஸ்வாத்தினி ஆயிடுச்சு, இன்னமும் பழைய பேரைத்தான் ஏத்துக்கற பாட் இருக்கு. இதுல நான் கத்துக்கிட்ட வித்தை என்னன்னா, முதல் பத்து கேள்வியிலயே ஃபைலோட வயசைக் கணிச்சுடணும். ப்ளூட்டோவை ஒன்பதாவது கோள்னு சொல்லுதா, 2006க்கு முன்னாடி எழுதினது. உலகத்துலயே உயரமான கட்டடம் தைபே 101னு சொல்லுதா, 2010க்கு முன்னாடி. வயசு தெரிஞ்சுட்டா அந்தக் காலத்துப் பதிலையே அடிங்க. பாயிண்ட் வாங்கிட்டு அப்புறம் ரிப்போர்ட் கமாண்ட்ல சரியான பதிலை எழுதி அனுப்புங்க. நடு ஆட்டத்துல பாட்கிட்ட வாதாடாதீங்க, அது திரும்பப் பேசாது, பக்கத்துல இருக்கறவங்க பேசுவாங்க.

இன்னொரு சண்டை தினமும் நடக்கும், "நான்தான் முதல்ல போட்டேன், ஏன் அவருக்குப் பாயிண்ட்". நீங்க என்டர் தட்டின உடனே உங்க ஸ்க்ரீன்ல உங்க வரி வந்துடும், ஆனா அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு உங்களுக்குத் தெரியாது. எதிராளி ஸ்க்ரீன்லயும் அதே மாதிரி அவர் வரிதான் முதல்ல தெரியும். ரெண்டு பேரும் பொய் சொல்லலை, ரெண்டு பேரும் தன்னைத்தான் முதல்ல பாக்கறாங்க, பாட் தனக்கு எது முதல்ல வந்துச்சோ அதை எடுத்துக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு நியாயம் கேக்கறதுல அர்த்தமே இல்ல. லேக் (நெட் தாமதம்) இருந்தா லேக்தான், வை-ஃபை மாத்திப் பாருங்க.

வேகத்துக்கு: மொபைல்ல ஆடினா ஆட்டோகரெக்டை ஆஃப் பண்ணிடுங்க, அது பாதி நாட்டு பேரை வேற ஏதாவதா மாத்தி வெச்சுடும். முழுப்பேர் அடிக்க வேண்டாம், நிறைய பாட்ல கடைசிப் பேர் போதும். பெரிய எழுத்து சின்ன எழுத்து பெரும்பாலும் பாக்காது, அதனால ஷிஃப்டைத் தொடாதீங்க. ஒண்ணு ரெண்டு எழுத்துப் பிழையை மன்னிக்கற பாட்களும் உண்டு, லெவன்ஷ்டெய்ன் தூரம்னு 1965ல வந்த ஒரு கணக்கை வெச்சு, எத்தனை எழுத்து மாத்தினா சரியான பதில் வரும்னு எண்ணிப் பாக்கும். உங்க ரூம் பாட் அந்த ரகமான்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க, ஸ்பெல்லிங் சந்தேகத்துல மிச்சமாகற நேரம் கொஞ்ச நஞ்சம் இல்ல. பதில் ரெண்டுல ஒண்ணுன்னு தோணுச்சுன்னா ஒண்ணை டைப் பண்ணி வெச்சுட்டு நட்சத்திரத்தை எண்ணுங்க, பொருந்தினா என்டர்.

தமிழ்ல ஆடற ரூம்ல இந்த எண்ணிக்கை வேலைக்கே ஆகாது, இதைச் சொல்லியே ஆகணும். யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கற முறையில) புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியா இருக்கறதால நிறைய பாட் அதையும் எழுத்துன்னு எண்ணிடும். "அன்பு"ன்னு பதில் இருந்தா மூணு நட்சத்திரம் வராது, அஞ்சு வரும். ஹின்ட் திறக்கும்போது ஒரு புள்ளி மட்டும் தனியா, கீழ புள்ளி புள்ளியா ஒரு வட்டத்தோட வந்து நிக்கும், புதுசா வந்தவங்க என்னமோ எரர்னு பயந்துடுவாங்க. அதை விட, "கொ"ங்கற எழுத்தை ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒகரக் குறி ஒண்ணா வரலாம், இல்ல எகரக் கொம்பும் காலும் தனித்தனியா சேர்ந்தும் வரலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், சும்மா ஒப்பிடற பாட் கணக்குல வேற வேற. நீங்க "கொரியா"ன்னு கரெக்டா போட்டும் தப்புங்கும். பாட் எழுதறவங்க பதிலை ஒப்பிடறதுக்கு முன்னாடி நார்மலைஸ் பண்ணிட்டா (ரெண்டு விதத்தையும் ஒரே விதமா மாத்திட்டா) முடிஞ்சுது, ஒரு வரி கோட். அதைச் செய்யாம விளையாடறவங்களை "ஸ்பெல்லிங் பாருங்க"ன்னு திட்டற ஆப்புங்க இருக்காங்களே, சரி விடுங்க.

இதுக்கு சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்றேன். ஆஃபீஸ்ல டீம் பில்டிங்னு வீடியோ மீட்டிங்ல ஒரு க்விஸ் வைக்கறாங்க. கேமரா கண்டிப்பா ஆன், நாலு ஆப்ஷன்ல ஒண்ணைத் தட்டணும், சீக்கிரம் தட்டினா அதிக பாயிண்ட். கேள்வி தயார் பண்ணினவரே ஆடுவார், அவரே ஜெயிப்பார், எல்லாரும் கைதட்டணும். இது நடக்கறது வேலை முடிஞ்சு கிளம்பற நேரத்துல. ராத்திரி ரூம்ல முகம் தெரியாத ஆளுங்களோட ஆடும்போது எப்ப வேணா விட்டுட்டுப் போகலாம், யாரும் "ஸ்பிரிட் இல்ல"ன்னு சொல்ல மாட்டாங்க. விருப்பப்பட்டு ஆடறதுக்குப் பேர்தானே விளையாட்டு, அட்டென்டன்ஸ் எடுத்தா அது மீட்டிங்.

டெலிகிராம்ல 2020 ஜனவரியில வந்த க்விஸ் ஓட்டெடுப்பு ரகம் கொஞ்சம் வேற. அங்க ஆப்ஷன் தட்டறதுதான், டைப்பிங் கிடையாது. தட்டின உடனே உங்களுக்கு சரியா தப்பான்னு தெரிஞ்சுடும், மத்தவங்க இன்னும் தட்டாம இருக்கலாம், அதனால "ஐயோ பி-ன்னு நினைச்சேன்"னு கூட க்ரூப்ல எழுதாதீங்க, அதுவும் ஹின்ட்தான்.

எடிட்: கமெண்ட்ல ஒருத்தர், இப்பல்லாம் ஏஐகிட்ட கேட்டுப் போடறாங்களே அதை எப்படிப் பிடிக்கறதுன்னு கேட்டிருக்கார். அதே செகண்ட் கணக்குதான் தம்பி. டைமரைக் குறைச்சு வெச்சாலே பாதிப் பேர் காணாமப் போயிடுவாங்க. மிச்ச பேருக்கு, பத்து நிமிஷம் முன்னாடி இந்த ரூம்லயே வந்த கேள்வியைத் திருப்பிக் கேளுங்க. நிஜமா ஆடினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், காப்பி அடிச்சவங்க மறுபடியும் அதே பன்னெண்டு செகண்ட் எடுத்துப்பாங்க.